ஏழு பவுண்டுப் படமும் உருகிப் போன சரக்கும்

பிரிட்டிஷ் தயாரிப்பாளர் சிசில் ஹெப்வொர்த் (1874–1953) என்றதும் நாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1905இல் வந்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ படத்தில், கடத்தப்பட்ட குழந்தையை வீட்டு நாய் தேடிக் கண்டுபிடிக்கிறது. கதை மனைவி எழுதியது. நடித்தவர்களில் அவர், மனைவி, கைக்குழந்தை, வளர்ப்பு நாய் எல்லாரும் உண்டு. செலவு 7 பவுண்டுக்குச் சற்று மேல். விற்ற பிரதிகள் ஏறக்குறைய 400. நெகட்டிவ் தேய்ந்துபோய் படத்தையே இன்னும் இரண்டு தடவை எடுத்தார்கள்! வியாபாரியான எனக்கு இந்தக் கணக்கே மலைப்பு. ஆனால் படத்தின் சிறப்பு கணக்கில் இல்லை. நாய் தெருவில் ஓடுகிறது, ஆற்றை நீந்துகிறது, ஒவ்வொரு கதவாகப் பார்க்கிறது. திரும்பும்போதும் அதே வழி. எழுத்து அட்டை ஒன்றுமில்லாமலே வழி நமக்கு மனப்பாடமாகிவிடுகிறது.

அதே மனிதர் 1923இல் ‘கமின் த்ரோ த ரை’ எடுத்தபோது காட்சிக்குக் காட்சி இருட்டி இருட்டி மறையவிட்டார். வயல் அழகுதான், படம் நகர மாட்டேன் என்கிறது. ரசனை மாறிவிட்டதை அவர் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். பங்கு திரட்டும் முயற்சியும் எடுபடவில்லை. 1924இல் கம்பெனி திவால். பொறுப்பேற்றவர்கள் நெகட்டிவ்களை உருக்க விற்றுவிட்டார்கள். கடனுக்குச் சரக்கை விற்பது முறைதான், நானே அப்படி வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தச் சரக்கில் இருபது வருஷத்து இங்கிலாந்து இருந்ததே! ரோவர் பிழைத்தது, பிரதிகள் முன்பே பல ஊர் போய்ச் சேர்ந்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.