கெரட்டின் ட்ரீட்மெண்ட்: நல்ல முடிக்கு எதற்கு வைத்தியம்?

போன மாதம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அவள் வழக்கமாகப் போகும் பார்லரில் கொடுத்ததாம். "மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி கெரட்டின் பண்ணிக்கச் சொல்றாங்க. என் முடி நல்லாத்தான் இருக்கு. பண்ணினா கெட்டுப்போயிடுமா? நீங்கதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பீங்களே, பார்த்துச் சொல்லுங்க."

நான் டாக்டர் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். வேதியியல் ப்ளஸ் டூவோடு சரி. "புரதம்தானே, முட்டை தேய்ச்சுக்கிற மாதிரி, பண்ணிக்கோ" என்றுதான் முதலில் பதில் அடிக்கப் போனேன். நல்லவேளை, அனுப்பவில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகு, அந்த நோட்டீஸையே ஒரு கட்டுரையாக எடுத்துக்கொண்டு விமர்சித்தால் என்ன என்று தோன்றியது. அதில் சாரமாக இருப்பது மூன்று வாக்கியங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "உங்கள் முடி இழந்த கெரட்டினைத் திரும்பத் தருகிறோம்"

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. இது சரி. ஆனால் பாட்டிலில் இருப்பது சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கப்பட்ட கெரட்டின். அது முடியின் மேல் படிந்து, செதில்களின் இடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பு தரும். நாலு குளியலில் போய்விடும். சுருள் முடியை மூன்று நான்கு மாதம் நேராக நிறுத்தி வைக்கிற சக்தி அதற்குக் கிடையாது.

அப்புறம் யார்தான் நிறுத்தி வைக்கிறது? புரதச் சங்கிலிகளுக்கு நடுவே புதிதாகப் பாலம் போடுகிற ஒரு வேதிப்பொருள். சூடான இஸ்திரிக் கம்பியால் முடியை நேராக இழுத்துப் பிடிக்கும்போது, அந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. இந்த முறையின் மூல வடிவத்தில் அந்த வேலையைச் செய்தது ஃபார்மால்டிஹைடு. அதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். காலேஜ் லேபில் தவளையைக் கெடாமல் வைத்திருப்பது அதுதான். 2018இல் சென்னையில் மீனில் கலந்திருக்கிறது என்று ஊரே பயந்து வஞ்சிரத்தை ஒதுக்கியதும் அதற்காகத்தான். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பேர், செலவு முழுக்க மகனுடையது என்பார்களே, அந்தக் கதைதான். பெயர் கெரட்டினுக்கு, வேலை இன்னொன்றுக்கு.

2. "ஃபார்மால்டிஹைடு அறவே இல்லை"

இந்த வாக்கியத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், முடி திருத்தும் பெண்களுக்கு மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று புகார் வந்தது. அவர்கள் பயன்படுத்திய பிரேசிலியன் ப்ளோஅவுட் பாட்டிலில் 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று போட்டிருந்தது. மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையும் அங்கிருக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். சராசரி 8 சதவீதத்துக்கும் மேல் ஃபார்மால்டிஹைடு. அழகுசாதனப் பொருள் கெடாமலிருக்கச் சேர்க்கும்போது வழக்கமாக அனுமதிக்கப்பட்ட அளவே 0.2 சதவீதம்தான்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? எங்கள் பாட்டிலில் இருப்பது ஃபார்மால்டிஹைடு இல்லை, மெத்திலீன் கிளைக்கால் என்றது. ஃபார்மால்டிஹைடு தண்ணீரோடு சேர்ந்தால் பெரும்பகுதி அந்த வடிவத்துக்குத்தான் போகும். சூடு காட்டினால் தண்ணீர் கழன்று பழையபடி வாயுவாக வெளியே வரும். ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: வேரியபிளின் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் மதிப்பு மாறிவிடாது. 2011இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2012இல் கலிபோர்னியா அரசோடு போட்ட சமரசத்தில் அந்தக் கம்பெனி 6 லட்சம் டாலர் கட்டியது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று விளம்பரம் செய்வதையும் நிறுத்த ஒப்புக்கொண்டது.

அதெல்லாம் பழைய கதை, இப்போது வருவதில் உண்மையிலேயே இல்லை என்பார்கள். சரி, பாட்டிலையே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளோடு நானும் பார்லருக்குப் போனேன். வேலை செய்யும் பெண் தயங்காமல் எடுத்துக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது: கிளையாக்சிலிக் ஆசிட். இப்போது நிறைய க்ரீம்களில் ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பது இதுதான். நேராக ஃபார்மால்டிஹைடு சேர்க்கவில்லை என்ற அளவில் நோட்டீஸ் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த அமிலத்தையும் இஸ்திரிக் கம்பியின் சூட்டில் வைத்தால் ஃபார்மால்டிஹைடு வெளியாகலாம்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை, முடியை நேராக்கிக்கொண்ட பிறகு சிறுநீரகம் திடீரென்று பழுதான 26 பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. திசுச் சோதனை செய்தவர்களில் பெரும்பாலோரின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி வந்தது. 2020, 2021, 2022 என்று மூன்று தடவை பார்லருக்குப் போயிருக்கிறார், மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்த க்ரீமில் 10 சதவீதம் கிளையாக்சிலிக் ஆசிட். அதே க்ரீமை எலிகளின் தோலில் தடவியபோது அவற்றின் சிறுநீரகத்திலும் படிகம் சேர்ந்தது. வாஸலின் தடவிய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல் வழியாக உள்ளே போன அமிலம் உடம்பில் ஆக்சலேட்டாக மாறுகிறது என்பதுதான் அவர்கள் தரும் விளக்கம்.

3. "ஆரோக்கியமான முடிக்கும் பாதுகாப்பானது"

எனக்குப் பெரிய சண்டையே இந்த வாக்கியத்தோடுதான். அக்கா மகள் கேட்டதும் இதே கேள்விதான், நானும் முதலில் இதற்குத்தான் விடை தேடினேன். கேள்வியே தப்பு.

தலைக்கு வெளியே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. அதற்கு வரும் சேதம் என்ன? கம்பியின் சூடு 230 டிகிரி வரை போகும். அமில க்ரீம் என்றால் சாயம் வெளுக்கலாம். முனை உடையலாம். அதெல்லாம் மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்து, வெட்டினால் போச்சு. நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த வசதி இல்லை. 'முடிக்குப் பாதுகாப்பா' என்று கேட்க வைத்ததிலேயே நோட்டீஸ் ஜெயித்துவிட்டது. முடிக்குச் சொந்தக்காரிக்குப் பாதுகாப்பா என்று அதில் எங்கேயும் இல்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் முடிவு செய்தது. அதற்கான சான்றுகள் முக்கியமாக வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்த தொழிலாளர்களிடமிருந்து வந்தவை. ஒரு தடவை செய்துகொண்டால் கேன்சர் வரும் என்று யாராவது சொன்னால் அது புரளி. சிறுநீரகப் பாதிப்பும், எத்தனை பேர் இதைச் செய்துகொள்கிறார்கள் என்று பார்த்தால், அபூர்வம்தான். பண்ணிக்கொண்டு சௌக்கியமாக இருப்பவர்கள் என் ஆபீஸிலேயே நாலு பேர்.

ஆனால் ஒரு மருந்தின் பக்கவிளைவை நாம் பொறுத்துக்கொள்வது நோய் இருப்பதால். இங்கே நோயே இல்லை. நல்ல முடிக்குத் தராசின் ஒரு தட்டில் மூன்று மாதப் பளபளப்பு, இன்னொரு தட்டில் அபூர்வமானாலும் சிறுநீரகம். என் கணக்கில் இது கட்டுப்படியாகாது.

'வருஷக்கணக்கில் சுவாசித்தவர்கள்' என்று எழுதும்போது அந்த பார்லர் பெண் ஞாபகம் வருகிறார். வாடிக்கையாளர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போய்விடுவார். அவர் நாளெல்லாம், ஏசிக்காக ஜன்னலை மூடிய அறையில், கம்பியிலிருந்து எழும் புகைக்கு நேராக முகத்தை வைத்து நிற்கிறார். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. "கண் எரியாதாம்மா?" என்று கேட்டேன். "எரியும் சார், பழகிடுச்சு" என்றார். ஓரிகனில் புகார் கொடுத்தவர்கள் இதே வேலை செய்தவர்கள்தான். நான் படித்ததை அவரிடமும் சொன்னேன். ஜன்னலையாவது திறந்து வைக்கச் சொன்னேன். "ஓனர்கிட்டதான் சார் கேக்கணும்" என்றார்.

கட்டாயம் செய்துதான் ஆகவேண்டும் என்பவர்கள் நோட்டீஸை விட்டுவிட்டு பாட்டிலை வாங்கிப் படியுங்கள். ஃபார்மால்டிஹைடு, ஃபார்மலின், மெத்தனால், மெத்திலீன் கிளைக்கால், மெத்தேன்டயால், 'கிளையாக்ஸ்' என்று தொடங்கும் எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். இதில் மெத்தனால் என்பது சாராயச் சாவுச் செய்திகளில் வருமே, அது இல்லை. ஆங்கிலத்தில் கடைசி 'ஓஎல்' இருந்தால் அது சாராயம், 'ஏஎல்' இருந்தால் ஃபார்மால்டிஹைடின் இன்னொரு பெயர். பாட்டிலைக் காட்ட மறுத்தால் இன்னும் சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.

அக்கா மகளுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வேணாம் மாமா. அம்மா மாதிரி சுருட்டையாவே இருந்துட்டுப் போகட்டும். அன்னைக்கு எப்படியும் ஜடை வெச்சுப் பூவால மூடத்தானே போறாங்க" என்றாள். மூன்று ராத்திரி படித்த எனக்கு இந்த யோசனை தோன்றவே இல்லை.