காலிக் கூடு விழும் இடம்

ஒரத்தநாட்டுப் பக்கத்துக் களங்களில் நெல் தூற்றிப் பழகியவர்களுக்கு, முறத்திலிருந்து சரியும் தானியத்தில் மணி எங்கே விழுகிறது, கருக்காய் எவ்வளவு தள்ளி விழுகிறது, பதர் எந்தத் திசையில் பறக்கிறது என்று பார்த்த மாத்திரத்திலேயே காற்றின் வேகத்தையும் அந்த ஆண்டு கதிர் பால் பிடித்த பக்குவத்தையும் சொல்லிவிடும் கண் உண்டு. அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் பழுதை அறியும் கலையும் இதே கண்ணைத்தான் கேட்கிறது. சுட்டு முடிந்த தோட்டாவின் வெறுங்கூடு எங்கே, எப்படி, எந்த வடுவோடு விழுந்தது என்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கு, கருவியைப் பிரிக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது, டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டை மட்டும் சுட்டு, அந்த வெடிப்பின் பின்னுதைப்பைக் கொண்டே காலியான கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் ஆகும். தஞ்சைக் கீழவாசலில் பீரங்கி மேட்டின்மேல் இருக்கும் நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி போன்ற, வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் கருவிகளில், சுட்ட பிறகு வெளியேற்ற வேண்டிய பொருள் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மருந்தும் குண்டும் ஒரே உலோகக் கூட்டுக்குள் சேர்ந்து தோட்டாவாக உருவெடுத்த 19ஆம் நூற்றாண்டில்தான் வெறுங்கூட்டை அப்புறப்படுத்தும் கேள்வியே எழுந்தது. ரிவால்வரில் கூடுகள் உருளையிலேயே தங்கிவிடுவதால் அவற்றைச் சுடுபவர் நிதானமாகக் கொட்டிக்கொள்ளலாம். பிஸ்டலுக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் பழையது வெளியேறிப் புதியது உள்ளே அமர்ந்தாக வேண்டும்.

இந்தியப் படைகளிலும் காவல் துறையிலும் நெடுங்காலமாகப் புழங்கும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவாவது. ஜான் பிரவுனிங் தொடங்கி, 1926இல் அவர் மறைந்த பிறகு பெல்ஜியத்தில் தியூதோனே சைவ் செப்பனிட்டு முடித்து, 1935இல் வெளிவந்த ஹை-பவர் பிஸ்டலே அதன் மூலம். டெல்டாவுக்கு அருகிலுள்ள திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலை நீளத் துப்பாக்கிகளுக்கே பெயர் பெற்றது. ஆயினும் 2021 அக்டோபர் முதல் இவ்விரு ஆலைகளும் ஒரே அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன.

இந்த வகைப் பிஸ்டலில் கூடு வெளியேறும் விதம் நிதானமாக ரசிக்கத் தக்கது. சுட்டவுடன், ஸ்லைடு எனப்படும் நகரும் மேற்பகுதி குழலோடு பிணைந்தபடியே சிறிது பின்வாங்குகிறது. குண்டு குழலை விட்டு நீங்கி உள்ளழுத்தம் தணிந்ததும் குழல் தாழ்ந்து பிணைப்பு விலக, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னேறுகிறது. அப்போது ஸ்லைடின் முகப்பில், வலப்பக்கத்தில், நகம் போல வளைந்திருக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற எஃகுக் கொக்கி கூட்டின் அடிவிளிம்பைக் கவ்விக்கொண்டு வருகிறது. எதிர்ப்பக்கத்தில், கைப்பிடியோடு கூடிய கீழ்ப்பகுதியான சட்டகத்தில் பதிந்து நிற்கும் எஜெக்டர் என்ற சிறு எஃகு நாக்கில் அந்தக் கூட்டின் அடி மோதுகிறது. வலப்பக்கம் கவ்வப்பட்டும் இடப்பக்கம் இடிபட்டும் நிற்கும் கூடு, கீலில் திரும்பும் கதவைப் போலக் கொக்கியைச் சுற்றித் திரும்பி, திறப்பின் வழியே பறந்து விழுகிறது. எறிகின்ற உறுப்பு எனப் பெயர் பெற்ற எஜெக்டர் கடுகளவும் அசைவதில்லை. வருவதை வழிமறித்து நிற்பது மட்டுமே அதன் வேலை என்பதில் இந்த வடிவமைப்பின் அழகு முழுவதும் இருக்கிறது.

எக்ஸ்ட்ராக்டர் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையிலிருந்து கூட்டைப் பிடுங்குவதே அதன் முதல் வேலை என்று பலர் கருதுகின்றனர். ஆனால் இத்தாலியின் பெரெட்டா 950 என்ற சிறு பிஸ்டலில் எக்ஸ்ட்ராக்டரே கிடையாது. எஞ்சிய வாயு அழுத்தமே கூட்டைப் பின்னோக்கித் தள்ளிவிடுகிறது. பிணைப்புள்ள பெரிய பிஸ்டல்களில் இழுக்கும் வேலை உண்டு என்றாலும், அதைவிட நுட்பமானது, எஜெக்டரில் மோதும் அந்தக் கணம் வரை கூட்டை நழுவவிடாமல் பிடித்திருப்பது. பிடி தளர்ந்தால் கூடு முன்கூட்டியே சரிந்து, மோத வேண்டிய இடத்தில் மோதாமல் போகும். எஜெக்டர்மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பாலானவை எக்ஸ்ட்ராக்டருக்கோ, ஸ்பிரிங்குக்கோ, சுடுபவரின் மணிக்கட்டுக்கோ உரியவை.

பிடியைச் சோதிக்கும் முறை பார்ப்பதற்கே இதமானது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பராமரிக்கும் கைவினைஞர், ஸ்லைடைத் தனியே எடுத்து, மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றைக் கீழிருந்து மேலாகக் கொக்கியின் அடியில் செருகுவார். பின்னர் ஸ்லைடைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பி மெல்லக் குலுக்குவார். நல்ல பிடியுள்ள எக்ஸ்ட்ராக்டர் தோட்டாவை விடாது. தளர்ந்தது உடனே மேசைமேல் போட்டுவிடும். அளவு மீறி இறுகியதோ தோட்டாவைச் செருகவே விடாது. அமெரிக்காவின் 1911 ரகத்தில் தனி ஸ்பிரிங் இல்லாமல் எக்ஸ்ட்ராக்டரின் தண்டே வில்லாகச் செயல்படுவதால், அதைச் சற்றே வளைத்துப் பதம் பார்ப்பது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் வித்தை. வீணைத் தண்டில் மெழுகு பிடித்து மேளம் கட்டும் தஞ்சாவூர்க் கைவினைஞரின் விரல் பொறுமை இங்கே நினைவுக்கு வருகிறது.

பழுதின் முகங்களில் அடிக்கடி தென்படுவது, கூடு முழுதும் வெளியேறாமல் திறப்பில் செங்குத்தாகச் சிக்கி, ஸ்லைடு அதைக் கடித்துக்கொண்டு நிற்பது. கூடு அறையை விட்டு வந்துவிட்டது என்பதே இதில் முதல் செய்தி. கூடு அறைக்குள்ளேயே தங்கி, அடுத்த தோட்டா அதன் முதுகில் முட்டி நிற்குமானால் அது வேறு நோய். அங்கே கொக்கி தேய்ந்திருக்கிறதா, அறைச் சுவரில் கரி படிந்திருக்கிறதா, கூட்டின் விளிம்பைக் கொக்கி கிழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடுகள் வலிமையற்றுக் காலடியிலேயே விழுந்தால் தோட்டாவின் மருந்து வலுவற்றிருக்கலாம், அல்லது ஸ்லைடை முன்தள்ளும் ஸ்பிரிங் அளவுக்கு மேல் வலுவாக இருக்கலாம். வெகுதொலைவு பறந்தால் அந்த ஸ்பிரிங் ஓய்ந்திருக்கலாம். கூட்டின் வாய் நசுங்கியிருந்தால் அது வெளியேறும் வழியில் எதிலோ இடித்திருக்கிறது. ஓரிரு கூடுகளை வைத்து இவற்றில் எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரே வகைத் தோட்டாவில் சில மேகசின்கள் சுட்ட பிறகு தரையில் உருவாகும் சிதறலே நம்பத் தக்க சாட்சி.

சுடுபவரின் கையையும் இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும். சட்டகம் அசையாமல் நின்றால்தான் ஸ்லைடு முழுத்தூரம் பின்னேற முடியும். மணிக்கட்டு தளர்ந்து சட்டகமும் சேர்ந்து பின்வாங்கினால், ஸ்லைடின் ஓட்டம் குறுகிக் கூடு திறப்பிலேயே சிக்கிவிடும். இதனால்தான் தேர்ந்த ஆர்மரர் அரத்தைத் தொடுமுன் அதே பிஸ்டலை உறுதியான பிடியுள்ள வேறொருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்கிறார். மேகசினையும் மாற்றிப் பார்க்கிறார், தோட்டாவையும் மாற்றிப் பார்க்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறார். இந்த ஒழுங்கு இல்லாத பழுதுபார்ப்பு, எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், கலை என்ற பெயருக்கு உரியதன்று.

போட்டி விதிகளும் இந்தப் பழுதுக்கு உரிய இடம் தந்திருக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் விஜய்குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில், ஐந்து இலக்குகளை 8, 6, 4 விநாடிகளில் சுட வேண்டும். நான்கு விநாடித் தொடரில் ஒரு கூடு சிக்கினாலே தொடர் முறிந்துவிடும். காலிக் கூடு வெளியேறாமல் நிற்பதை உலகத் துப்பாக்கி சுடுதல் சங்கத்தின் விதிகள் வீரரின் பிழையாகக் கொள்ளாமல் ஏற்கத் தக்க பழுதாகக் கொள்கின்றன. பாதுகாப்புப் பூட்டைத் திறக்க மறந்தது போன்றவை அவ்வாறு ஏற்கப்படுவதில்லை.

கூட்டின் உலோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் சேர்ந்த பித்தளை, வெடிக்கும்போது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்து, அழுத்தம் தணிந்ததும் சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. இந்த விலகல் இல்லையென்றால் எந்தக் கொக்கியாலும் பயனில்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்புப் பித்தளை, தோட்டாக் கூடு இழுத்து நீட்டிய பித்தளை என்றாலும், இரண்டிலும் ஏறும் பச்சைக் களிம்பு ஒன்றே. பதனிட்ட தோலிலுள்ள பொருள்கள் அதை விரைவுபடுத்துவதால், தோல் உறையில் மாதக்கணக்கில் வைத்த தோட்டா களிம்பேறி, அறையில் ஒட்டிக்கொள்கிறது. மழைக்கால ஈரம் தங்கும் காவிரிப் படுகையில் இது ஒதுக்கத் தக்க காரணமன்று.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். ஆகவே உரிமத்தோடு பிஸ்டல் வைத்திருப்போர் எஜெக்டரையோ எக்ஸ்ட்ராக்டரையோ தாமே அரத்தால் தீட்ட முற்படாமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அதை எடுத்துச் செல்ல வேண்டும். செல்லும்போது சிக்கி நின்ற கூடுகளை ஒரு பையிலும், சரியாக விழுந்தவற்றை இன்னொரு பையிலும் தனித்தனியே போட்டு, பயன்படுத்திய மேகசினையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.