பழைய ஸ்பீக்கருக்குப் புதுச் சாயம்

காரைக்காலை அடுத்த கீழவாஞ்சூர் இருப்பது கடல் பக்கம். உப்புக்காற்று மரப்பெட்டியைச் சும்மா விடாது. பாலிஷ் வெளுத்த பழைய ஸ்பீக்கரைப் பார்த்ததும், சுவருக்குப் பொருத்தமாக வெள்ளை பெயின்ட் அடிக்கத் தோன்றும். அவசரம் வேண்டாம். திருகுகளைக் கழற்றி, கூம்பை முதலில் வெளியே எடுங்கள். தேய்க்கும்போது பறக்கும் தூள் காந்த இடுக்கில் புகுந்தால் குரல் கரகரக்கும். மேலே தெரிவது பெரும்பாலும் முழுத் தேக்கு அல்ல, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய வெனீர். 220 எண் உப்புத்தாளை ரேகை ஓடும் திசையில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். மிஞ்சினால் உள்ளே மரத்தூள் பலகை பல்லிளிக்கும்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் அழகுதான். ஈரக்காற்றில் அது வெண்திட்டு விடும், மெலமைன் பூச்சு தாங்கும். வால்நட் சாயத்தை அடிப்பக்கத்தில் பூசிப் பார்த்துக்கொள்ளலாம். முன்துணியை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஊதினால் மூச்சு மறுபக்கம் போகிற துணி வேண்டும். கெட்டியான திரைச்சீலை மிச்சத்தை ஒட்டினால் ஜால்ரா ஒலி மங்கிவிடும்.