ஒதெல்லோ எங்கள் ஆளா?

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் தமிழுக்குக் கொண்டுவர முனையும் எம்மவர்க்கு முதற் சிக்கல் தலைப்பிலேயே காத்திருக்கிறது. 1622இல் அச்சான நூலின் முகப்பிலேயே அவன் 'வெனிஸ் நகரத்து மூர்' எனப்படுகிறான். அகராதியைப் புரட்டினால் மூர் என்பதற்குப் புதர்நிலம் என்றும் கப்பலைக் கட்டுதல் என்றும் பொருள் கிடைக்கும். அவற்றைத் தள்ளிவிடச் சந்தர்ப்பமே போதும். எஞ்சும் பொருள்தான் எம்மை இடறுகிறது. எமது பிறப்புச் சான்றிதழ்களில் 'இலங்கைச் சோனகர்' என்றிருப்பதன் ஆங்கிலமும் அதே மூர்தானே!

போர்த்துக்கேயர், ஐபீரியாவில் தாம் பொருதிய முஸ்லிம்களின் பெயரையே இங்கிருந்த எம் முன்னோருக்கும் சூட்டினர். அவர்களுக்கு அது மதத்தைச் சுட்டிய சொல். ஆங்கிலேயர் காலத்தில் அது இனப்பெயராக நிலைத்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் எழுதியதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்தெழுதியதும் அப்பெயருக்குரியோரின் பூர்வீகம் பற்றிய வழக்கே.

நாடகத்தின் மூர் வேறு. ஒதெல்லோ ஞானஸ்நானம் பெற்றவன் என்பது இயாகோவின் வாயாலேயே தெரியவருகிறது. அவன் சைப்பிரஸ் போவதும் வெனிஸுக்காகத் துருக்கியரை எதிர்க்கத்தான். முதற் காட்சியில் ஏளனத்துக்கு உள்ளாவது அவனது உதடும் நிறமுமே. 'வெனிஸ் நகரச் சோனகர்' என்று பெயர்த்தால், பேருவளை மாணிக்க வியாபாரி ஒருவர்தான் வாசகர் கண்முன் வந்து நிற்பார்.

அப்படியானால் 'கறுப்பன்' எனலாமா? இயாகோவுக்கு அது பொருந்தும். பெயர் சொல்ல மனமில்லாதவன் அவன். ஆனால் செனற் சபையின் முன் டெஸ்டிமோனாவும் தன் கணவனை அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறாள். அவள் வாயில் அது காதல். செனற்றர் ஒருவர் வாயில் அது வீரனுக்குரிய மரியாதை. எல்லா இடத்திலும் 'கறுப்பன்' என்று போடுபவர், தம்மையறியாமலே எல்லோர் வாயிலும் இயாகோவின் நாக்கைப் பொருத்திவிடுகிறார்.

மூர் என்றே விடுவது உத்தமம் என்பேன். இறுதிக் காட்சியில், அலெப்போவில் தலைப்பாகைத் துருக்கியன் ஒருவனைத் தான் கொன்ற கதையைச் சொல்லியபடியே ஒதெல்லோ தன்னைக் குத்திக்கொள்கிறான். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒருவனேயாகும் அக்கணத்தில், அதுவரை ஒதுங்கி நின்ற மதப்பொருள் அச்சொல்லுக்குள் மீண்டும் நுழைகிறது. கறுப்பன் என்று முடிவுகட்டிய மொழிபெயர்ப்பில் அது நுழைய வழியில்லை.