மழை நாளில் நீர்நாய் தேட கலிபோர்னியா வேன் எப்படி?

ஃபோக்ஸ்வாகன் கலிபோர்னியா ஓஷன் (டி6.1) கேம்பர் வேனை எடைபோட வெயில் நாள் வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய மல் தீவில், விடாமல் தூறும் ஒரு நாள் போதும். நான் அங்கே இதை வாடகைக்கு எடுத்தது கடலோர நீர்நாய்களைப் பார்க்க. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இருக்கும் அதே யூரேசிய நீர்நாய்தான், அங்கே கடலில் மீன் பிடிக்கிறது.

ஓட்டுவதற்குச் சுகமான வண்டி. நீளம் 4.9 மீட்டர், உயரம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தீவின் சாலைகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னால் போக நேரும். அதைப் பதறாமல் செய்யலாம்.

பேச வேண்டியது கதவைப் பற்றி. பிரிட்டனில் விற்ற டி6.1 கலிபோர்னியா வேன்களிலும் ஸ்லைடிங் கதவு வலப்பக்கம், ஓட்டுநர் பக்கம்தான். ஊருக்குள் அது தொல்லை. வண்டிகள் போகும் பக்கமாக இறங்க வேண்டும். ஆனால் லோக் நா கீல் கடற்கழியின் தென்கரையில், கிரிபன் பாறைகளை நோக்கிப் போகும் பி8035 சாலையில், அதே கதவு வரமாகிறது. சாலையை விட்டு ஒதுங்கி, மேற்கே பார்த்து நிறுத்தினால் கதவுக்கு எதிரே கடல். மழை பெரும்பாலும் தென்மேற்குக் காற்றோடு வருவதால் சாரல் உள்ளே அடிப்பதில்லை. அந்தக் கரையில் தண்ணீரும் அலையடங்கிக் கிடக்கும். நீர்நாயின் தலை கண்ணில் பட அதுதான் முக்கியம். மழை நீர்நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை.

சிக்கலும் அதே இடத்தில்தான். நீர்நாய் மோப்பத்தில் கெட்டி. நம் முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்று நம் வாசனையை நேரே தண்ணீருக்குக் கொண்டு சேர்க்கிறது. அடுப்பை மூட்டினால் வெங்காயம் வதங்கும் மணமும் கூடவே போகும். ஆகவே சமையலை, கடல் உள்வாங்கி நீர்நாய் இரைதேட வரும் நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கதவை ஒரு சாண் மட்டும் திறந்துவைத்து, முன் இருக்கையைத் திருப்பிப் போட்டு, அசையாமல் உட்கார வேண்டும். ஓடை ஒன்று கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரே நிறுத்துவது உத்தமம். உப்பு படிந்த ரோமம் குளிர் தாங்காது என்பதால் நீர்நாய் நன்னீரில் குளித்தே ஆக வேண்டும்.

நீர் வற்றி, பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரிந்தபோது நீர்நாய் வந்தது. முதலில் தட்டையான தலை, பிறகு முதுகின் வளைவு, கடைசியில் வால் நுனி மேலெழுந்து மறைந்தது. கடல்நாய் அப்படி முங்குவதில்லை. தலை நிமிர்ந்தபடியே அமிழும். சின்ன மீன்களை நீரிலேயே மென்று விழுங்கிய நீர்நாய், பெரிதாக ஒன்று சிக்கியதும் பாறைக்கு இழுத்து வந்தது. முன்கால்களால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலைப்பக்கமிருந்து கடித்தது. நனைந்த ரோமம் முள் முள்ளாக நின்றது. 8×42 பைனாகுலரில் மீசை மயிர் வரை தெரிந்தது. கரையில் குடையோடு நின்றிருந்தால் இவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியாது. அந்த ஒரு காட்சிக்காகவே வாடகை தகும்.

இந்த வேனில் எனக்கு மிகப் பிடித்தது டீசல் ஹீட்டர். எஞ்சினை அணைத்த பிறகும் ஓடும். புகை வெளியே போய்விட, உள்ளே வருவது உலர்ந்த சூடு. ஈர ஜாக்கெட்டும் காலுறையும் காய்ந்துவிடுகின்றன. கேஸ் அடுப்பு நேர்மாறு. எரிவாயு எரிந்தால் நீராவியும் வரும். அதோடு நம் மூச்சும் சேர்ந்து கண்ணாடியெல்லாம் பனித்துவிடும். சமைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்துவையுங்கள்.

கழுகு பார்க்க இந்த வேன் உதவாது. பிரிட்டனில் 1918-க்குள் அற்றுப்போன வெள்ளைவால் கழுகை 1975-இல் நார்வேயிலிருந்து ரம் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-இல் மல் தீவில் மீண்டும் ஒரு குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. இறக்கை விரித்தால் 2.4 மீட்டர் வரை வரும் அந்தப் பறவை தலைக்கு மேல் போகும்போது வேனுக்குள் இருந்தால் கூரைதான் தெரியும். நனைந்தாலும் இறங்கிவிடுங்கள்.

எழும்பும் கூரையின் பக்கங்கள் துணி. பலத்த காற்றில் அதைத் தூக்கக் கூடாது. ஈரத்தோடு மடக்கினால் சீக்கிரமே திறந்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். மேல் படுக்கை கூரைக்குள் இருப்பதால், புயல் மழையில் நான்கு பேர் படுக்க வழியில்லை. இரண்டு பேருக்குத் தாராளம். சொந்தமாக வாங்குவதென்றால், இருபுறமும் ஸ்லைடிங் கதவோடு 2024-இல் வந்த புதிய கலிபோர்னியாவைப் பாருங்கள். காற்றுக்கு ஏற்பக் கதவைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஓட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கனமழையில் சாலைக்கு அடியில் போகும் ஓடைக் குழாய்கள் நிரம்பி வழியும்போது நீர்நாய்கள் சாலைமேல் ஏறிக் கடக்கின்றன. பல சக்கரத்தில் சிக்கிச் சாகின்றன. கடலோரச் சாலையில், அதிலும் இருட்டிய பிறகு, மெதுவாகப் போங்கள்.