ஓப்பன்சிவியின் படச் சாளரங்கள்

படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நிரல் நூலகத்தில் படத்தைத் திரையில் காட்டும் பொறுப்பு ஹைஜியூஐ என்ற பகுதியுடையது. 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கிய இந்த நூலகம் இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டது; சாளரப் பகுதியோ பெரும்பாலும் பழைய எளிமையுடனேயே இருக்கிறது. சோதனை செய்து பார்க்க அது போதும். பயனர்களின் கையில் கொடுக்கும் செயலிக்குப் போதாது.

இம்ஷோ என்ற ஒரே கட்டளைக்குச் சாளரத்தின் பெயரையும் படத்தையும் கொடுத்தால் படம் தோன்றிவிடும். பெயர்தான் சாளரத்தின் அடையாளம். அதே பெயரில் அடுத்த படத்தைக் கொடுத்தால் பழைய படத்தின் இடத்தில் புதியது வரும்; பெயரில் ஓர் எழுத்து பிசகினால் இன்னொரு சாளரம் முளைக்கும். முன்கூட்டி எதுவும் சொல்லாவிட்டால் சாளரம் படத்தின் அளவையே எடுத்துக்கொள்ளும், இழுத்து மாற்றவும் இடம் தராது. கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 பிக்சல் படத்தைச் சாதாரண மடிக்கணினியில் காட்டினால் ஒரு மூலைதான் கண்ணில் படும். இம்ஷோவுக்கு முன்பே நேம்டுவிண்டோ கட்டளையில் விண்டோ நார்மல் என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை; அதன்பின் ரீசைஸ்விண்டோ, மூவ்விண்டோ இரண்டும் அளவையும் இடத்தையும் பார்த்துக்கொள்ளும்.

புதியவர்களைத் தடுமாற வைப்பது வெயிட்கீ. விசைக்காகக் காத்திருப்பது என்று பெயர் சொல்கிறது. உண்மையில் சாளரத்தை வரைவது, சுட்டி அசைவைக் கேட்பது எல்லாம் அது ஓடும்போதுதான் நடக்கின்றன. அதை விட்டுவிட்டால் சாளரம் சாம்பல் நிறத்தில் உறைந்து நிற்கும், நிரல் பிழை எதுவும் காட்டாது. பொருத்தமில்லாத பெயர் என்றே சொல்ல வேண்டும். 0 கொடுத்தால் விசை அழுத்தும்வரை காத்திருக்கும்; வேறு எண் கொடுத்தால் அத்தனை மில்லிவினாடி. காணொளிக்கு 25 அல்லது 30 கொடுப்பது வழக்கம். விசை எதுவும் அழுத்தப்படவில்லை என்றால் -1 திரும்பும், எஸ்கேப் விசைக்கு 27. விசையழுத்தம் முனையத்தில் அல்ல, படச் சாளரத்தில் விழ வேண்டும் என்பதும் அடிக்கடி மறந்துபோகும் ஒன்று.

மூடுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. காணொளி ஓடும்போது மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம் போய்விடும். அடுத்த சுற்றில் இம்ஷோ அதே பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்துவிடும். கெட்விண்டோபிராப்பர்ட்டி வழியே சாளரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டு, இல்லையென்றால் வெளியேறுவதுதான் வழி. எல்லாவற்றையும் ஒரேயடியாக மூட டெஸ்ட்ராய்ஆல்விண்டோஸ் இருக்கிறது. சில கணினிகளில் அதற்குப் பின்னும் ஒருமுறை வெயிட்கீயை அழைத்தால்தான் சாளரம் மறையும்.

திரையில் தெரிவதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. தசம எண்களால் ஆன படத்தை இம்ஷோ 255ஆல் பெருக்கிக் காட்டும். 0 முதல் 1 வரை இருக்க வேண்டிய மதிப்புகள் 0 முதல் 255 வரை இருந்தால் படம் வெள்ளையாகவே தெரியும். 16 பிட் படங்களை 256ஆல் வகுக்கும். நிறங்களின் வரிசை நீலம், பச்சை, சிவப்பு என்று இருப்பதாக எடுத்துக்கொள்ளும். தலைகீழ் வரிசையில் கொடுத்தால் மனித முகம் நீலம் பாரிக்கும்.

சாளரப் பகுதியின் உண்மையான பலம், இழுத்து மதிப்பை மாற்றும் பட்டையான டிராக்பார். கேனி விளிம்பு கண்டறிதலின் இரண்டு வரம்பெண்களை நகர்த்தி, கோடுகள் கூடிக் குறைவதை உடனுக்குடன் பார்க்கலாம். முழு எண்களை மட்டுமே அது தரும் என்பதால் தசம மதிப்பு தேவைப்பட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

திரையில்லாத சர்வர்களுக்கென்று சாளரப் பகுதி நீக்கப்பட்ட ஹெட்லெஸ் தொகுப்பு பைத்தானில் தனியாக உண்டு. அதில் இம்ஷோவை அழைத்தால் இந்த வசதியே இல்லை என்று பிழை வரும். வழக்கமான தொகுப்பையும் இதையும் சேர்த்து நிறுவினால் ஒன்றன் கோப்புகளை மற்றது மேலெழுதிக் குழப்பம் விளையும். சர்வரில் படத்தை இம்ரைட் கட்டளையால் கோப்பாகச் சேமித்துத் திறந்து பார்ப்பதே சுருக்கமான வழி. உலாவியிலேயே பைத்தான் நிரலை ஓட்டும் கூகுள் கோலாபில் இம்ஷோவுக்கு மாற்றாகத் தனிக் கட்டளை ஒன்று தரப்பட்டிருக்கிறது.