விடுபட்ட பக்கங்கள்

கடவுளையும் விஞ்ஞானத்தையும் மரணத்தையும் ஒருசேர விசாரிக்கும் நூல்களில் பெரும்பாலானவை எனக்கு வக்கீல்களின் வாதமாகவே தோன்றுகின்றன. படிக்கும்போது ஒரு கட்சி ஜெயிக்கிறது. புத்தகத்தை மூடியதும் மறந்துபோகிறது. இதற்கு விலக்கு என்று நான் கருதுவது சார்லஸ் டார்வினின் சுயசரிதை.

அச்சுக்கென்று எழுதப்பட்டதல்ல அது. தம் குழந்தைகளும் பேரக் குழந்தைகளும் படிக்கட்டும் என்று 1876-ல் எழுதி வைத்தார். 1882-ல் காலமானார். 1887-ல் மகன் பிரான்ஸிஸ் அதை வெளியிட்டபோது, மதத்தைப் பற்றிய பல பகுதிகள் அதில் இல்லை. அவற்றைத் திரும்பச் சேர்த்து, 1958-ல் முழு நூலாகப் பதிப்பித்தவர் பேத்தி நோரா பார்லோ.

விடுபட்டிருந்தவை என்ன? நம்பாதவர்களுக்கு முடிவில்லாத தண்டனை உண்டென்றால், அது தம் தகப்பனாரையும் தமையனாரையும் நெருங்கிய நண்பர்களையும் அல்லவா சேரும் என்று எண்ணி, அந்தக் கொள்கையை வெறுத்து எழுதியிருந்தார் டார்வின். பாம்பைக் கண்டு அஞ்சுவதைக் குரங்கால் விட முடியாதது போல, சிறுவயதில் ஊட்டப்பட்ட தெய்வ நம்பிக்கையையும் உதறுவது கடினமாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். இந்தக் குரங்கு வாக்கியத்தை நீக்கிவிடும்படி மகனைக் கேட்டுக்கொண்டவர், டார்வினின் மனைவி எம்மா.

உண்மைக்கு அஞ்சிய பக்தை என்று அந்த அம்மாளை ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. 1839-ல் கல்யாணமான புதிதில் அவர் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் இருவரும் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் உரியவர்களல்ல என்று எண்ண நேர்ந்தால் தமக்குப் பெருந்துயரம் என்பது அதன் சாரம். டார்வின் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை முத்தமிட்டு அழுத நேரங்கள் பல என்று, தாம் இறந்தபின் மனைவி தெரிந்துகொள்வதற்காக, அதிலேயே தம் கைப்பட எழுதியும் வைத்தார்.

1851-ல் அவர்களுடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். சுயசரிதையில் அவளுக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தாம். அவளுடைய இனிய சுபாவத்தை நினைத்தால் இன்னும் சில வேளைகளில் கண்ணீர் வருகிறது என்கிறார், அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். மகளை மறுபடி காண்போம் என்று தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை; அப்படி நம்பி ஆறுதல் அடைகிறவர்களை அந்த இடத்தில் பரிகசிக்கவும் இல்லை. இந்த அடக்கம்தான் நூலின் பெரிய சிறப்பு என்பது என் அபிப்பிராயம்.

நூல் முழுமையாக வெளிவந்தது நியாயமே. ஆனால் எழுதிய கையோடு, நீக்கச் சொன்ன மனத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அது எனக்குப் பூர்த்தியாகிறது. 43 வருஷம் சேர்ந்து வாழ்ந்த இருவரிடையே இந்தக் கேள்வி தீரவே இல்லை, அன்பும் குறையவில்லை. மதமா, விஞ்ஞானமா என்று கட்சி கட்டி நிற்கும் நண்பர்கள் இந்தப் புத்தகத்தை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்.